தரையில் இருக்கலாகாது

என் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு வாங்கில், அதாவது பெஞ்சில், ஏறி உட்கார்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அந்த வாங்கை நானேதான் செய்தேன். பாலைமரப் பலகை, முதிரைக் கொம்பில் கால்கள், நாலு பேர் தாராளமாக இருக்கலாம். செய்து முடித்ததும் காட்டுக்குள் யாராவது நிற்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டேன். உடனே என்மேல் எனக்கே கோபம் வந்தது. எதற்குச் சுற்றிப் பார்த்தேன்? போய் நட்டநடுவில் இருந்தேன். கால் இரண்டும் தரையில் பட்டன. முதுகு நிமிர்ந்து நின்றது. வேறொன்றும் நடக்கவில்லை. இந்தச் சின்ன விஷயத்துக்காகவா இத்தனை பேர் இத்தனை காலம் எங்களை மண்ணில் வைத்தார்கள் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதைத்தான் நினைக்கிறேன்.

என் தகப்பன், நாங்கள் அப்பு என்று கூப்பிடுபவர், பனை ஏறுபவர். தென்மராட்சியில் எங்கள் ஊரில் ஒரு பெரிய புகையிலைக் கமக்காரர் இருந்தார். அவருடைய வளவுப் பனைகள்தான் எங்கள் வீட்டுப் பிழைப்பு. அதே கமக்காரர்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மனேச்சரும். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். வாங்குகள் இருந்தன, எங்களுக்கு இல்லை. கதவோரம் சாணி மெழுகிய தரையில், பனை ஏறும் வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர் இருப்போம். கரும்பலகையின் கீழ்ப்பாதி வாங்கில் இருக்கும் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோகும். கணக்கில் கேள்வி மேலே இருக்கும், விடை கீழே இருக்கும். எனக்குக் கேள்விகள் எல்லாம் பாடம். விடையை ஒருநாளும் கண்டதில்லை. ஆகையால் விடையை நானே கண்டுபிடிக்கப் பழகினேன். அதற்காக அந்தத் தரைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பின்னாளில் ஒரு பெரிய மனிதர் எனக்குச் சொன்னார். நான் சொல்லவில்லை.

பனை ஏற எனக்கு ஒத்துவரவில்லை. காட்டுக் கந்தோரில், வன இலாகா அலுவலகத்தில், நாள்வேலைக்குப் போனேன். எல்லை வெட்டுவது, மரத்துக்கு இலக்கம் போடுவது. என் எழுத்து நன்றாக இருந்ததால் தார் வாளியும் தூரிகையும் என் கைக்கு வந்தன. அப்படி ஏழெட்டு வருடம் போனது. அப்போது சாவகச்சேரிக்குக் கிழக்கே, கண்டி வீதியிலிருந்து வண்டிப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்து போகும் இடத்தில், ஒரு துண்டு அரசாங்கக் காடு இருந்தது. அதை இனிமேல் விறகுக்கு வெட்டக் கூடாது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மரம் செடி பார்த்துப் படிக்கவும் பட்டணத்து ஆட்கள் உலாவவும் பேணிவைக்க வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரத் துரை கடிதம் எழுதினார். எழுதிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். கடிதத்தில் சொன்னதை நடத்திக்காட்ட ஒரு காவலாள் தேவைப்பட்டது. யானை இல்லாத காடு, மான்கூட எப்போதாவது கண்ணில் படும் காடு, கள்ளமாக வெட்டி விற்கக்கூடத் தோதில்லாத காடு. வேறு யாரும் அந்த வேலையைக் கேட்கவில்லை. எனக்குக் கொடுத்தார்கள்.

என் மேலதிகாரி ரேஞ்சர் யாழ்ப்பாணப் பட்டணத்து ஆள். நல்ல குடும்பத்துப் பிள்ளை, மெல்லிய சுபாவம். சண்டை என்று கேட்டாலே வயிற்றைத் தடவிக்கொள்வார். என்னிடமிருந்து நாலடி தள்ளி நின்றுதான் பேசுவார். முதல் நாளே சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டுச் சொன்னார்:

"கீழ்ப் பத்தை புதரெல்லாத்தையும் வெட்டித் துப்புரவாக்கு. சருகைக் கூட்டிக் கொளுத்து. பட்டமரம் எல்லாம் விழுத்திப்போடு. பூந்தோட்டம் மாதிரி இருக்கோணும், விளங்கிச்சோ?"

"ஐயா, காரையையும் சூரையையும் வெட்டினால் புலுனிக் குருவி எங்கை கூடு கட்டும்? பட்டமரத்தை விழுத்தினால் மரங்கொத்தி போயிடும். பிள்ளையள் வந்து வெறும் அடிமரத்தையோ பாக்கிறது?"

"நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?"

"இல்லை ஐயா. ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கோ. பிழைச்சால் நானே வெட்டுறன்."

அவர் வயிற்றைத் தடவினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

பாதைகளை மட்டும் வெட்டினேன். இரண்டு பிள்ளைகள் கைகோத்து நடக்கும் அகலம். நேராக வெட்டவில்லை, வளைத்து வளைத்துக் கொண்டுபோனேன். ஒரு கூட்டம் போகும்போது பின்னால் வரும் கூட்டத்துக்கு அது தெரியக் கூடாது. அப்போதுதான் காடு பெரிதாகத் தோன்றும். முயல்களும் உடும்பும் தண்ணீருக்கு வரும் துரவு ஒன்று நடுவில் இருந்தது. அந்தக் குட்டையைச் சுற்றிப் பத்தையை அடர்த்தியாக விட்டு, பார்க்க ஒரு சிறிய இடைவெளி மட்டும் வைத்தேன். பாலை, வீரை, பனிச்சை, கூழா, விளாத்தி என்று ஒவ்வொன்றுக்கும் பலகையில் பெயர் எழுதினேன். துரை விட்டுப்போன ஆங்கிலப் பட்டியல் ஒன்று இருந்தது. அதைக் கீழே சின்னதாக எழுதினேன். எங்கள் பெயரை மேலே பெரிதாக எழுதினேன்.

குழை வெட்ட வருபவர்களோடுதான் பெரிய பாடு. புகையிலைத் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்க்க, கொப்போடு இலையை வண்டி வண்டியாக வெட்டிப்போவார்கள். அவர்களைப் பிடித்து வழக்குப் போடு என்றார் ரேஞ்சர். பிடித்தால் ஊர் முழுவதும் பகை. விட்டால் காடு மொட்டை. நான் அவர்களைக் கூப்பிட்டு, பாதையோரத்தில் இரண்டு ஆள் நீளம் உள்ளே வரைக்கும் வெட்டுங்கள், இந்த வருடம் வடக்குப் பக்கம், வரும் வருடம் தெற்குப் பக்கம், உள்ளே கத்தி வைத்தால் நான் பொறுப்பில்லை என்றேன். முணுமுணுத்தார்கள், ஆனால் கேட்டார்கள். வெட்டிய இடத்தில் வெயில் விழுந்து தளிர் வந்தது. தளிருக்கு வண்ணத்துப்பூச்சி வந்தது, முயல் வந்தது. பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் காட்டிலேயே இல்லை. ரேஞ்சர் அதைத் தன் யோசனை என்று அறிக்கையில் எழுதினார். எழுதட்டும்.

பிறகு வாங்குகள் செய்தேன். ஆறு வாங்கு. துரவுக்குக் கிட்ட மரமில்லாத ஒரு வெளியில் அரைவட்டமாகப் போட்டேன்.

ஊர்ப் பள்ளிக்கூடம்தான் முதலில் வந்தது. தலைமை வாத்தியார் குடையோடு முன்னால் வந்தார். பின்னால் நாற்பது பிள்ளைகள். நான் கதவோரத்தில் இருந்த காலத்தில் பெரிய வகுப்பில் வாங்கில் இருந்தவர் அவர். நாட்டில் அப்போது சட்டம் மாறியிருந்தது. அரசாங்க உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்று கட்டளை வந்திருந்தது. எங்கள் ஊரில் அந்தக் கட்டளை பரிசோதகர் வரும் நாளில் மட்டும் நடந்தது. மற்ற நாளெல்லாம் கதவோரம்தான்.

வெளிக்கு வந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் வாங்குகளில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். ஆறு பிள்ளைகள் மட்டும் ஓரமாக நின்றார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தங்களுக்குத் தெரிந்ததுபோல் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் பக்கத்து வளவுப் பெண்பிள்ளை. பத்து வயதிருக்கும். வாத்தியார் குடை நுனியால் தரையைக் காட்டினார்.

"நீங்கள் உதிலை இருங்கோ."

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"ஐயா, நிலத்திலை இருக்க ஏலாது."

"ஏன்?"

"கட்டெறும்பு. சருகுக்கை புடையன் பாம்பும் கிடக்கும்."

"உதுகளுக்கு உது பழக்கம்."

"பழக்கம் எண்டு புடையனுக்குத் தெரியாதே ஐயா."

வாங்கில் இருந்த பொடியன்கள் சிரித்துவிட்டார்கள். வாத்தியார் முகம் சிவந்தது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அது காட்டுக் கந்தோர்ச் சட்டம் ஐயா. இந்தக் காட்டுக்கை ஒருத்தரும் தரையிலை இருக்கக் கூடாது."

"அப்பிடி ஒரு சட்டம் எப்ப வந்தது?"

"பலகை எழுதிக்கொண்டிருக்கிறம். அடுத்த கிழமை நட்டுப்போடுவம்."

அப்படி ஒரு சட்டம் உலகத்தில் எங்குமே இல்லை. வாத்தியார் குடை நுனியால் சருகைக் கிளறினார். எல்லாப் பிள்ளைகளையும் எழும்பச் சொன்னார். நாற்பது பேரும் நின்றபடியே பாடம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அன்று மத்தியானமே ஒரு பலகையைச் சீவி வெள்ளை பூசினேன். மரத்துக்கு இலக்கம் போடும் அதே தாரை எடுத்தேன். "காட்டுக் கந்தோர் அறிவித்தல். இக்காட்டில் தரையில் இருக்கலாகாது. பார்க்க வருவோர் யாவரும் வாங்குகளிலேயே இருத்தல் வேண்டும்." 'யாவரும்' என்ற சொல்லை மற்றச் சொற்களைவிடப் பெரிதாக எழுதினேன். அவசரமாகக் கிறுக்கினீர்களா என்று பிற்காலத்தில் என் பிள்ளைகள் கேட்டார்கள். இல்லை. நான் எழுதியவற்றில் மிக அழகான எழுத்து அதுதான்.

அடுத்த மாதம் அதே பள்ளிக்கூடம் மறுபடி வந்தது. வாத்தியார் பலகையை இரண்டு தரம் வாசித்தார். எழுத்தில் இருந்ததை மீற அவருக்குப் பழக்கமில்லை. "சரி, இருங்கோ எல்லாரும்" என்றார். ஆறு பிள்ளைகளும் வாங்குகளின் நுனியில் பட்டும் படாமலும் இருந்தார்கள். பக்கத்து வளவுப் பெண்பிள்ளை மட்டும் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி இருந்து காலை ஆட்டத் தொடங்கினாள். வாத்தியார் இருக்கவில்லை, குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஒரு செடியைக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேட்டார். வாங்குப் பிள்ளைகள் விழித்தார்கள். அவள் சொன்னாள்: "உது காரை. பழம் மஞ்சள், தின்னலாம். முள்ளுக் குத்தினால் கடுக்கும்." அந்தச் செடி பலகை இல்லாதது. அன்று முழுவதும் எந்தச் செடிக்கும் விடை அவளிடமிருந்தே வந்தது.

தண்ணீர் விஷயத்தில் நான் தோற்றேன். அதையும் சொல்ல வேண்டும். ஒரு பானையும் மூடியும் கோப்பையும் வைத்தேன். ஊர்ப் பிள்ளைகள் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். என் பானையை அந்த ஆறு பேரைத் தவிர யாரும் தொடவில்லை. தண்ணீருக்கு ஒரு பொய்ச் சட்டம் எழுத எனக்கு வழி தோன்றவில்லை.

வாங்கில் இருந்த கதை வீடுகளுக்குப் போயிற்று. நாலாம் நாள் மனேச்சரும் ஊர் அதிகாரியான விதானையாரும் வண்டியில் வந்து இறங்கினார்கள். மனேச்சர் பலகைக்கு முன்னால் நின்று கைத்தடியால் அதைத் தட்டினார்.

"எடேய், உதை ஆர் நட்டது?"

"நான்தான் ஐயா."

எங்கள் ஆட்கள் அவரை 'நயினார்' என்றுதான் கூப்பிட வேண்டும். அப்பு அப்படித்தான் கூப்பிடுவார்; சின்ன வயதில் நானும் அப்படித்தான். அன்று 'ஐயா' என்றேன். தெரிந்துதான் சொன்னேன். தடி நின்றுவிட்டது.

"கேட்டீரோ விதானையார்? இவனுக்கு நான் ஐயாவாம்."

விதானையார் பாலை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மனேச்சர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"சரி, கொப்பருக்காகச் சொல்லுறன். உதுகளுக்கெண்டு பணிஞ்ச வாங்கு ரண்டு அடிச்சு அங்காலை போட்டுவிடு. ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை. உன்ரை சட்டமும் நிக்கும்."

அது அவர் எனக்குக் காட்டிய தயவு. அவர் மனதார அப்படித்தான் நினைத்தார்.

"இந்தக் காட்டிலை எல்லா வாங்கும் ஒரே உயரம் ஐயா."

அவர் வண்டியில் ஏறிப் போனார். மறுநாள் ரேஞ்சர் வந்தார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது.

"உந்தப் பலகைக்கு ஆர் உத்தரவு தந்தது?"

"ஒருத்தரும் இல்லை ஐயா. நான்தான் எழுதினன்."

"கந்தோர் பேரிலையோ?"

"ஓம்."

அவர் போய் ஒரு வாங்கில் இருந்துவிட்டார்.

"வேலை போகும், தெரியுமோ உனக்கு?"

"தெரியும் ஐயா."

"கழட்டு."

"கழட்டுறன். ஒரு வரி எழுதித் தாங்கோ ஐயா. இன்ன பிள்ளையள் நிலத்திலை இருக்கோணும், அதாலை பலகையைக் கழட்டு எண்டு. உங்கடை கையெழுத்தோடை."

அவர் சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார். அரசாங்கமே சம ஆசனம் என்று சொல்லியிருக்கும்போது அப்படி ஒரு வரி எழுதி, அதை ஒரு காவலாளின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. மூடியைப் பூட்டினார்.

"நீ பொல்லாதவன்" என்றார். பலகை நின்றது.

இரண்டு கிழமை கழித்து நான் மாத அறிக்கை கொடுக்கச் சாவகச்சேரிக்குப் போயிருந்த நேரம், பட்டப்பகலில், இரண்டு வண்டி காட்டுக்குள் வந்தது. நான் திரும்பி வந்தபோது ஆறு வாங்கும் விறகாகிக் கிடந்தன. துரவைச் சுற்றி நான் விட்டுவைத்திருந்த பத்தை முழுவதும் குழைக்கு வெட்டுண்டு, தண்ணீர் வெயிலில் வெறுமையாகக் கிடந்தது. வாங்குகளைப் பார்த்து எனக்குக் கண்ணீர் வரவில்லை; திரும்பச் செய்யலாம். அந்த மொட்டைத் துரவைப் பார்த்துத்தான் அழுதேன். நாலு வருடம் காத்து வளர்த்த பத்தை அது.

வண்டிக்காரர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். சாட்சி சொல்ல யாரும் இல்லை. ஆனால் பாதையோரக் குழையை யாருக்கு விடுவது என்பது என் கையில் இருந்தது. மனேச்சர் வீட்டு வண்டி அடுத்த முறை வந்தபோது மறித்தேன். இனி இந்தக் காட்டில் உங்களுக்கு ஓர் இலையும் இல்லை என்று வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். பதிலுக்கு அவர்கள் செய்ய என்ன இருக்கிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் அப்பு பனை ஏறும் தளைநாரும் வெறும் கள்முட்டியும் கையில் இருக்கத் திரும்பி வந்தார். அவருடைய பனைகள் எல்லாவற்றிலும் ஏற முடியாதபடி முள் கட்டிவிட்டிருந்தார்கள்.

"உன்ரை வாங்காலை என்ரை பனை போயிட்டுது" என்றார் அப்பு. சத்தமில்லாமல்தான் சொன்னார்.

முப்பது வருடம் ஏறிய பனைகள். எந்தப் பனை எந்த மாதம் எவ்வளவு சுரக்கும் என்று அவருக்குத் தெரியும். அன்று முதன்முதலாக எனக்கு மனம் தளர்ந்தது. பலகையைக் கழட்டிவிடட்டுமா என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள் அடுப்படியில் காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, கழட்டினால் பனை திரும்பி வருமோ?"

"வராது."

"அப்ப ஏன் கழட்டோணும்?"

அப்பு அதன் பிறகு நாலு மைல் தள்ளிக் கடலோரப் பக்கம் ஒரு கிராமத்தில் பனை ஏறினார். விடிய நடந்து போய்ப் பொழுதுபட நடந்து வருவார். அந்த நடை என் கணக்கில்தான் சேரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முள் கட்டிய கை என் கையல்ல என்பதையும் நான் மறக்கவில்லை.

மார்கழியில் பெருமழை. துரவுக்குக் கிட்ட நின்ற கிழட்டுப் பாலை ஒன்று வேரோடு சாய்ந்து வெளியின் குறுக்கே விழுந்தது. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். ரேஞ்சர் வந்து பார்த்து, ஒரு மதகுக்குப் பாலை கேட்டிருக்கிறார்கள், இதை அறுத்து அனுப்பலாம் என்றார். நான் அந்த மரத்தைச் சுற்றி வந்தேன். பலகையும் காலுமாகச் செய்த வாங்கை உடைக்கலாம். பாலை இரும்பு மாதிரி. இந்த மரத்தை அப்படியே கிடத்தி மேல்பக்கத்தை மட்டும் மட்டமாகச் செதுக்கினால் ஒரே வாங்கு, நாற்பது பிள்ளைகளுக்கு. கோடாலி பட்டால் கோடாலிதான் மழுங்கும். இரண்டாகப் பிரித்துப் போடவும் முடியாது.

"ஐயா, இதை எனக்கு விடுங்கோ" என்றேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வயிற்றில் கை போகவில்லை. குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டே சொன்னார்:

"உள்ளுக்கை உக்கல். மதகுக்கு உதவாது."

அந்த மரத்தில் உளுத்த இடம் ஒரு பொட்டும் இல்லை. என்னோடு வேலை செய்த காலம் முழுவதிலும் அவர் நாலடி தள்ளித்தான் நின்றார். ஆனாலும் அந்த ஒரு வரியை எழுதினார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்கள் அலவாங்குக் கடப்பாரைகளோடு வந்தார்கள். நான் அப்புவைக் கூப்பிடவில்லை. அவரே வந்தார். அடிமரத்தின் கீழே அலவாங்கைச் செருகி, 'ஏலேலோ' சொல்லி நெம்பினார். மரம் புரண்டு நான் நினைத்த இடத்தில் போய்க் கிடந்தது. மூன்று நாள் வாய்ச்சியால் செதுக்கினோம். செதுக்கி முடித்ததும் எல்லாரும் ஏறி வரிசையாக இருந்தார்கள். பீடி பற்றவைத்தார்கள். அப்பு மட்டும் அவர்களுக்கு முன்னால் தரையில் குந்திக்கொண்டார்.

"அப்பு, இதிலை இருங்கோ."

"எனக்கு இப்பிடித்தான் சுகம்."

எனக்கு அடக்க முடியாத கோபம். பனை போனது, துரவு போனது, இத்தனையும் போன பிறகு நீங்கள் தரையில் இருக்கிறீர்களே, யாருக்குப் பயம், இங்கே யார் இருக்கிறார்கள் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அப்பு என் முகத்தைப் பார்த்தார்.

"நீ பிள்ளையளுக்குச் செய்தனி. செய்தது சரி. என்னை இழுக்காதை."

என் சண்டையில் அவர் எந்த மட்டும் வருவார் என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஊர்ப் பள்ளிக்கூடம் ஒரு வருடத்துக்கு மேல் வரவில்லை. மனேச்சர் தடை போட்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மிசன் பெண்பள்ளிப் பிள்ளைகள் ரயிலில் வந்து இறங்கி நடந்து வந்தார்கள். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் வந்தன. யானை இருக்கிறதா என்று கேட்டன, இல்லையென்றதும் பாலை வாங்கில் அமர்ந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதிப் பிள்ளைகளை நானே கூட்டிக்கொண்டு போனேன். துரவைச் சுற்றிப் பத்தை மறுபடி தழைத்தது. வெட்டிய அடியிலிருந்து முன்னையிலும் அடர்த்தியாக வந்தது.

பிறகு ஒருநாள் காலை ஊர்த் தலைமை வாத்தியார் முன்னறிவித்தல் இல்லாமல் நாற்பது பிள்ளைகளோடு வந்து நின்றார். பரிசோதகர் வரப்போகிறார், இயற்கைப் பாடத்தில் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார், பிள்ளைகளுக்கோ வேம்பைத் தவிர ஒன்றும் தெரியாது.

"மனேச்சருக்குத் தெரியாது" என்றார் என்னிடம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"காட்டுக்கை வாறதுக்கு மனேச்சரின்ரை உத்தரவு தேவையில்லை ஐயா."

பிள்ளைகள் மரத்தை நோக்கி ஓடினார்கள். ஒரே மரம், ஒரே வரிசை. ஓடி வந்த வேகத்தில் யார் யாருக்குப் பக்கத்தில் என்று பார்க்க நேரமிருக்கவில்லை. ஒரே ஒரு பெரிய பொடியன், மனேச்சருக்குச் சொந்தக்காரன், இருக்கமாட்டேன் என்று நின்றான். "நில்" என்றார் வாத்தியார். "தரையிலை இருக்கேலாது, பலகையிலை கிடக்கு." இரண்டு மணி நேரம் அவன் நின்றான். அடுத்த முறை வந்தபோதும் நின்றான். மூன்றாம் முறை இருந்தான். வாத்தியார் மட்டும் கடைசிவரை ஒரு நாளும் இருக்கவில்லை. குடையை ஊன்றியபடியே நின்றார். பல வருடம் அந்தக் காட்டுக்கு வந்தார். அத்தனை வருடமும் நின்றார். அது அவருடைய பிடிவாதம். நான் அதைக் குலைக்க நினைக்கவில்லை.

பக்கத்து வளவுப் பெண்பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். வீட்டில் நிற்பாட்டிவிட்டார்கள். அதற்கு எதிராக நான் போய்க் கதைத்தும் பலனில்லை.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. பட்டாளத்துக்குக் கம்பும் விறகும் வேண்டும் என்று காட்டின் கிழக்குப் பாதியை வெட்டிக்கொண்டு போனார்கள். துரையின் பழைய கடிதத்தைக் காட்டிப் பார்த்தேன், யாரும் வாசிக்கவில்லை. மேற்குப் பாதியையாவது விடுங்கள் என்று மரத்துக்கு மரம் நின்று வாதாடினேன். அது தப்பியது. என் ரேஞ்சர் இளைப்பாறினார். புதிதாக வந்தவர் இளம் ஆள், நன்றாகப் படித்தவர், என்னோடு பக்கத்தில் நின்று கதைத்தவர். முதல் கிழமையே பழைய கோப்புகளைக் கிளறி, பலகைக்கு உத்தரவு இல்லை என்று கண்டுபிடித்தார். மனேச்சர் புதிதாக ஒரு முறைப்பாடும் கொடுத்திருந்தார்.

"சின்ன விஷயம்தான்" என்றார் புதியவர். "அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு. கந்தோர் பேரைப் பிழையாப் பாவிச்சிட்டன் எண்டு மட்டும் எழுது. வாங்கைப் பற்றி ஒண்டும் எழுதவேண்டாம். பலகையையும் நான் வேறை மாதிரி எழுதுவிக்கிறன். நீ இஞ்சையே இருக்கலாம்."

"எழுதாட்டி?"

"வன்னிக்கு மாத்தச் சொல்லி மேலிடத்திலை இருந்து வந்திருக்கு. மலேரியாக் காடு. பிள்ளைகுட்டிக்காரன், யோசி."

யோசித்தேன். ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். காட்டை விட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒவ்வொரு வளைவையும் என் கத்தியால் வெட்டியவன் நான். மனைவி என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. மறுநாள் காலை கந்தோரில் தாளும் பேனாவும் வாங்கி, அங்கேயே இருந்து எழுதினேன்.

காட்டுக் கந்தோர் பேரில் உத்தரவில்லாமல் பலகை எழுதியது உண்மை என்று எழுதினேன். அந்தச் சட்டத்தைக் கந்தோரே எழுதியிருக்க வேண்டும், எழுதாததால் நான் எழுதினேன் என்று எழுதினேன். வாங்குகளை உடைத்தவர்களும் துரவை மொட்டையாக்கியவர்களும் என் அப்புவின் பனையில் முள் கட்டியவர்களும் எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதும் நாளில் நானும் எழுதுவேன் என்று எழுதினேன். கீழே என் பெயரையும், அப்புவின் பெயரையும், நாங்கள் இருந்த வளவின் பெயரையும் எழுதினேன்.

புதியவர் வாசித்தார். தாளை மடித்து மேசையில் வைத்தார்.

"உதை நான் மேலை அனுப்பத்தான் வேணும்" என்றார்.

"அனுப்புங்கோ ஐயா. அனுப்பத்தான் எழுதினனான்."

ஒரு மாதத்துக்குள் மாற்றல் வந்தது. வன்னியில் ஒன்பது வருடம் இருந்தேன். குளிர்காய்ச்சல் எனக்கும் வந்தது, மனைவிக்கும் வந்தது. இரண்டு பேரும் தப்பினோம். அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை அன்றே எழுதி எடுத்துவைத்தேன். இப்போதும் இருக்கிறது. எழுத்துப் பிழை இரண்டு கிடக்கிறது. நான் திருத்தவில்லை.